வளைந்த ஹேங்கர், இடம் மாறிய ஸ்க்ரூக்கள்: ஒரு மலைச் சைக்கிளின் பின் டீரெய்லர் குறித்த நிகழ்வு ஆய்வு

அலுமினிய ஃபிரேம், முன் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன், 27.5 அங்குலச் சக்கரம். முன்னால் மூன்று, பின்னால் எட்டு என மொத்தம் 24 கியர். பின் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் உறுப்பு, ஷிமானோ ஆல்டஸ் எம்310. பின் பல்சக்கரங்களின் தொகுப்பான கேசட்டில் சின்னப் பல்சக்கரம் 11 பல், பெரியது 32 பல். நடுத்தர விலையில் விற்கும் மலைச் சைக்கிள்களில் அடிக்கடி பார்க்கிற அமைப்புதான். இந்த வண்டிக்கு வந்த கோளாறும், அதைச் சரிசெய்வதாக நினைத்துச் செய்யப்பட்டவையும் ஊர் ஊராக நடப்பவை. அதனால் ஒரே ஒரு வண்டியை எடுத்து, பார்த்தது முதல் முடித்தது வரை எழுதுகிறேன்.

ஓட்டுபவர் சேலத்து இளைஞர். சென்னையில் படிப்பு முடித்து ஊர் திரும்பியவர். கொல்லிமலை ஏறுவதில் தீராத ஆசை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன் கியரை இறக்கி, வளைவு தாண்டியதும் ஒன்றிரண்டு ஏற்றி, கை ஷிஃப்டரிலேயே இருக்கும். சமதளத்தில் எப்படியோ சமாளித்து ஓடும் டீரெய்லர்கூட அந்தச் சாலையில் தன் குறையைக் காட்டிவிடும்.

புகார்

"அண்ணா, ஸ்டாண்டுல போட்டுச் சுத்துனா ஒண்ணும் தெரியல. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சாத்தான் குதிக்குது."

"எந்தக் கியர்லப்பா?"

"நாலு, அஞ்சு. அப்புறம் ஒருநாள் ஒண்ணுல போட்டப்போ செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக் பக்கம் விழுந்துடுச்சு. அதுலருந்து ஒண்ணைத் தொடவே பயமா இருக்கு."

இன்னும் கேட்டதில் மற்றொரு விஷயமும் வந்தது. பெரிய பல்லை நோக்கி மாற்றினால் உடனே ஏறுகிறது. சின்னப் பல்லை நோக்கி விட்டால் தாமதமாக இறங்குகிறது, சில நேரம் இறங்குவதே இல்லை. இந்த ஒரு வரி எனக்கு மிக முக்கியம். பெரிய பல்லுக்கு ஏற்றும்போது வயரை இழுப்பது நம் கட்டைவிரல். அதற்கு வலு அதிகம். சின்னப் பல்லுக்கு இறக்கும்போது இழுப்பது டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும். ஏறுவது சுலபமாகவும் இறங்குவது சிரமமாகவும் இருந்தால் வயர் எங்கோ உராய்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முன்பே இரண்டு கடைகளில் காட்டியிருக்கிறார். முதல் கடையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, டீரெய்லர் நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும் எச் (சின்னப் பல் பக்கம்), எல் (பெரிய பல் பக்கம்) இரண்டு ஸ்க்ரூக்களையும் திருகியிருக்கிறார்கள். ஸ்போக் பக்கம் விழுவது நின்றது. நடுக் கியர்களில் சத்தம் கூடியது. இரண்டாவது கடையில் உள்ளே ஓடும் கியர் வயரை மட்டும் புதிதாகப் போட்டு, வயரின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரையும் திருப்பிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதோடு, இனி செயின், கேசட், டீரெய்லர் மூன்றையும் மாற்றினால்தான் தீரும் என்றும் சொல்லிவிட்டார்கள். இவர் வந்தது அந்தச் செலவுக்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான்.

கடைசியாக ஒன்று கேட்டேன்: வண்டி எப்போதாவது விழுந்ததா? "விழவே இல்லண்ணா." அப்படியானால் சென்னையிலிருந்து எப்படிக் கொண்டுவந்தாய்? ஆம்னி பஸ் டிக்கியில். எந்தப் பக்கம் கீழே? கொஞ்சம் யோசித்து, "செயின் பக்கம். மேல ரெண்டு பெட்டி வேற வெச்சாங்க" என்றார். கோளாறு தொடங்கியது அதற்குப் பிறகுதானா என்றால், ஆமாம், அதற்குப் பிறகுதான்.

தொடுவதற்கு முன் பார்த்தவை

எந்த ஸ்க்ரூவையும் தொடவில்லை. முதலில் பின் சக்கரம் டிராப்-அவுட்டில் (ஃபிரேமில் ஆக்ஸில் உட்காரும் காடியில்) ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று குவிக் ரிலீஸைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் அழுத்தி மறுபடி இறுக்கினேன். சக்கரம் சாய்ந்து நின்றால் அதற்குப் பின் எடுக்கும் எல்லா அளவும் தப்பாகும். ஹப்பில் ஆட்டம் இல்லை. கேசட்டின் லாக் ரிங் இறுக்கமாக இருந்தது.

செயின் குதிக்கிறது என்று சொல்வதில் நாலைந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு பல்சக்கரத்தில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் குதித்தால் அந்தச் சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கலாம். அதுவும் செயினை மட்டும் புதிதாக மாற்றியவுடன் தொடங்கியிருந்தால் கிட்டத்தட்ட உறுதி. எல்லாக் கியரிலும் ஒரே இடைவெளியில், செயின் ஒரு சுற்று வரும் ஒவ்வொரு முறையும் துள்ளினால் ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றி, கீழ் புல்லியில் (டீரெய்லரில் செயின் ஓடும் இரண்டு சிறு சக்கரங்களில் கீழே உள்ளதில்) செயின் நுழையும் இடத்தை உற்றுப் பார்த்தால் அந்தக் கண்ணி மட்டும் வளையாமல் துள்ளி வருவது தெரியும். பக்கத்துப் பல்லின் மீது ஏற முயன்று, ஏற முடியாமல் திரும்ப விழுந்தால் அது வரிசைக் கோளாறு.

இங்கே செயினை அளந்தேன். செயினின் கண்ணி இடைவெளி அரை அங்குலம். 24 கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். இது அந்த இடத்தில்தான் இருந்தது. எட்டு கியர் செயினை 0.75 சதவீதம் வரை ஓட்டலாம். 11, 12 கியர் வண்டியாக இருந்தால் 0.5-இலேயே மாற்றச் சொல்லியிருப்பேன். இறுகிய கண்ணி ஒன்றும் இல்லை. பல்சக்கரங்களில் 4, 5 இரண்டும் ஒழுங்காகவே இருந்தன. செயின், கேசட் இரண்டையும் மாற்றுவதற்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

மேல் புல்லியைப் பக்கவாட்டில் ஆட்டினால் சற்று ஆடியது. இதைப் பார்த்துப் பலர் புல்லி தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். ஷிமானோவின் மேல் புல்லிக்கு அந்தப் பக்கவாட்டு ஆட்டம் வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது. கியர் இம்மி பிசகி நின்றாலும் செயின் தானாகப் பல்லுக்கு நேராக வர அது உதவும். கீழ் புல்லிக்கு அந்த ஆட்டம் கிடையாது. கழற்றினால் இரண்டையும் இடம் மாற்றாமல் போட வேண்டும். சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

ஹேண்டில்பாரை இடக் கோடி வரைக்கும் வலக் கோடி வரைக்கும் திருப்பிப் பார்த்தேன். முன்பக்க அவுட்டரின், அதாவது கியர் வயர் உள்ளே ஓடும் உறையின், நீளம் போதாவிட்டால், வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போதே வயர் இழுபட்டுக் கியர் தானாக மாறும். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் கோளாறு என்று சொல்பவர்களிடம் இது காரணமாக இருக்கக் கண்டிருக்கிறேன். இந்த வண்டியில் டீரெய்லர் அசையவில்லை.

பிறகு வண்டியின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பல்சக்கரத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். இரண்டு புல்லிகளையும் சேர்த்து ஒரு கோடு மனதில் போட்டால், அது மேலே இருக்கும் பல்சக்கரத்தின் தளத்தோடு ஒன்றி நேராகக் கீழே வர வேண்டும். இங்கே கீழ் புல்லி ஸ்போக்கை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தது. டீரெய்லரின் வெளி முகத்தில், வயர் போல்ட்டுக்குச் சற்றுக் கீழே, கருப்புப் பெயின்ட் உரிந்து ஒரு தேய்ப்பு. டிக்கியின் தகட்டில் அழுந்திய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எம்310 போன்ற பழைய அமைப்பு டீரெய்லர்கள் ஃபிரேமை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பவை. வலப்பக்கம் படுக்க வைத்தால் வண்டியின் பாரம் முதலில் இறங்குவது அவற்றின் மீதுதான். பிற்காலத்தில் ஷிமானோ 'ஷேடோ' என்ற பெயரில் டீரெய்லரை உள்ளே ஒடுக்கி அமைத்ததற்கு இப்படி இடிபடுவது ஒரு முக்கியக் காரணம்.

ஹேங்கர் சாய்ந்தால் என்ன ஆகிறது

டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டுதான் ஹேங்கர். அலுமினிய ஃபிரேம்களில் இது கழற்றக்கூடிய தனித் துண்டு. அடி பட்டால் ஃபிரேமுக்கும் டீரெய்லருக்கும் பதிலாகத் தான் வளைந்து கொடுக்கட்டும் என்றே மெத்தென்ற உலோகத்தில் செய்கிறார்கள். அது வளைவது அதன் கடமை. வளைந்ததைக் கவனிக்காமல் விடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டீரெய்லரைக் கழற்றி, ஹேங்கரின் 10 மி.மீ. புரியில் அளவுக் கருவியைத் திருகினேன். நீண்ட கை, அதன் நுனியில் ரிம்மைத் தொடும் ஊசி, அவ்வளவுதான் கருவி. ரிம்மில் வால்வு இருக்கும் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, சக்கரத்தையும் கருவியையும் சேர்த்தே சுற்றி, மேல், கீழ், முன், பின் நான்கு இடங்களிலும் அந்த ஒரே புள்ளியில் அளக்க வேண்டும். அப்போதுதான் ரிம்மில் கோணல் இருந்தாலும் அளவைக் கெடுக்காது. கீழே ஊசி ரிம்மைத் தொட்டு நின்றது. மேலே கொண்டுபோனபோது ஊசிக்கும் ரிம்முக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி. நான்கு மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்பது பட்டறை வழக்கு. முன், பின் அளவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஹேங்கர் நேராக உள்பக்கம், ஏறக்குறைய இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது.

இரண்டு டிகிரி என்றால் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் எட்டு கியர் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரமே 4.8 மி.மீ.தான். ஒன்பது கியரில் இது சுமார் 4.35 மி.மீ., பத்தில் 3.95. ஹேங்கர் போல்ட்டிலிருந்து மேல் புல்லி ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே தொங்குகிறது. அந்த நீளத்தில் இரண்டு டிகிரி சாய்வு புல்லியைக் கிட்டத்தட்ட இரண்டு மி.மீ. உள்ளே தள்ளிவிடும். ஒரு பல் இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று.

இரண்டு மி.மீ.யை ஸ்க்ரூவையும் வயரையும் கொண்டு ஈடுகட்டிவிட முடியாதா என்று கேட்கலாம். முதல் கடையில் செய்தது அதைத்தான். அது ஏன் பலிக்காது என்பதற்கு இந்த வண்டியே கணக்கு. 32 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 65 மி.மீ.; 11 பல் சக்கரத்தினுடையது 22 மி.மீ. சின்னதிலிருந்து பெரியதற்குப் போகும்போது டீரெய்லர் பக்கவாட்டில் மட்டும் நகர்வதில்லை; பல்லில் முட்டாமல் இருக்க மேல் புல்லி மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழேயும் இறங்குகிறது. சாய்ந்த ஹேங்கரில் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு உள்ளே தள்ளுவதும் கூடும். ஆகவே சின்னப் பல்லில் உள்ள பிழை வேறு, பெரிய பல்லில் உள்ள பிழை வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம். பேரல் அட்ஜஸ்டரைத் திருப்பினால் எல்லாக் கியரும் ஒரே அளவு நகரும். ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடும். சின்னப் பல் இறங்கட்டும் என்று வயரைத் தளர்த்தினால், நடுக் கியர்கள் ஒன்றுக்கும் பொருந்தாமல் அந்தரத்தில் நிற்கும். இதற்கு மேல், புல்லியே சாய்ந்திருப்பதால் செயின் பல்லுக்குள் கோணலாக நுழைகிறது. மிதிக்கும் பாரம் கூடும்போது பக்கத்துப் பெரிய பல்லில் செயின் ஏறுவதற்கென்று வெட்டிய காடியைப் பிடித்து ஏறப் பார்க்கிறது. ஸ்டாண்டில் பாரம் இல்லாததால் இது வெளியே தெரியாது.

ஸ்போக் பக்கம் செயின் விழுந்ததற்கும் இதுவே விடை. பெரிய பல்லில்தான் உள்தள்ளல் அதிகம். எல் ஸ்க்ரூ பழைய இடத்தில் இருக்கும்போதே டீரெய்லர் எல்லை தாண்டியிருக்கிறது. எல்லையைக் காட்டும் ஸ்க்ரூக்கள் தாமாக இடம் மாறுவது மிக அரிது. நேற்று வரை சரியாக ஓடிய வண்டி இன்று எல்லை தாண்டினால், ஸ்க்ரூவைத் தவிர மற்றதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவுக்கு வர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விளைவு ஆபத்தானது. இறக்கத்தில், புல்லிகளைத் தாங்கும் டீரெய்லர் கூண்டு ஸ்போக்கில் சிக்கினால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். கொல்லிமலைச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இந்த நுணுக்கம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. ஷிமானோ 1984-இல் டூரா-ஏஸ் வரிசையில் எஸ்ஐஎஸ் என்ற கிளிக் முறையைக் கொண்டுவருவதற்கு முன், லீவரை எவ்வளவு தள்ளுவது என்பதைக் காதால் கேட்டு ஓட்டுபவரே முடிவு செய்தார். சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுவார். வளைந்த ஹேங்கரோடும் காலம் தள்ளலாம். கிளிக் வந்த பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் வயர் சுமார் 2.8 மி.மீ. நகரும், டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கிப் பல் இடைவெளிக்குச் சமமாக நகரும் என்று கணக்கு முன்கூட்டியே போடப்பட்டுவிட்டது. அந்தக் கணக்கு ஹேங்கர் நேராக நிற்கும் என்று நம்பிப் போடப்பட்டது.

நிமிர்த்துவது பொறுமை கேட்கும் வேலை. சக்கரம் டிராப்-அவுட்டில் இறுகியே இருக்க வேண்டும். ஃபிரேமுக்கு அது தாங்கல். கருவியின் கையைப் பிடித்து மெல்ல வெளியே தள்ளி, விட்டு, அளந்து, மறுபடி தள்ள வேண்டும். அதிகம் தள்ளிவிட்டு உள்ளே இழுப்பது, மறுபடி தள்ளுவது என்று ஆட்டினால் அலுமினியம் வெடிக்கும். இந்த ஹேங்கர் ஒருமுறைதான் வளைந்தது, அதுவும் சிறிதளவு. அதனால் நிமிர்த்தத் துணிந்தேன். புரிக்கு அருகே மயிரிழை விரிசல் ஏதேனும் தெரிந்திருந்தால் நேரே மாற்றச் சொல்லியிருப்பேன். முடிவில் நான்கு இடங்களிலும் வித்தியாசம் இரண்டு மி.மீ.க்குள் வந்தது.

இந்தக் கருவி இல்லாத ஊர்களில் ஒரு வழி உண்டு. குவிக் ரிலீஸ் பின் சக்கரங்களின் ஆக்ஸில் 10 மி.மீ. தடிமன், 1 மி.மீ. புரி. ஹேங்கரின் புரியும் அதே. வேறொரு பின் சக்கரத்தின் ஆக்ஸிலை ஹேங்கரில் திருகி நிறுத்தினால், வண்டியின் சக்கரமும் அதுவும் இணையாக நிற்கின்றனவா என்று ரிம்முக்கு ரிம் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

அவுட்டருக்குள் இருந்தது

சின்னப் பல்லுக்கு இறங்கத் தாமதம் என்ற பாதி இன்னும் பாக்கி. ஷிஃப்டரைச் சின்னப் பல்லுக்கு விட்டு வயரைத் தளர்த்தி, ஃபிரேமிலிருந்து டீரெய்லருக்கு வளைந்து வரும் கடைசி அவுட்டர் துண்டைக் கழற்றி, புது வயரின் மீதே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். மணல் அரைபடுவது விரலில் தெரிந்தது. டீரெய்லர் பக்க நுனியில் இருக்க வேண்டிய தொப்பி காணோம். உள்ளே நீளவாக்கில் ஓடும் இரும்பு இழைகள் பிரிந்து வெளியே எட்டிப் பார்த்தன. துண்டை நடுவில் வெட்டிக் கவிழ்த்தபோது, வளைவின் அடிமட்டத்திலிருந்து செம்மண்ணும் துருவும் குழைந்த ஒரு களிம்பு வந்தது. மலை மழையில் ஓடும் வண்டியில் தண்ணீர் வடிந்து தேங்கும் தாழ்வான இடம் அதுதான். புது வயரைப் பழைய அவுட்டருக்குள் விட்டதால் இரண்டாவது கடையில் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

அவுட்டர் முழுவதையும் மாற்றினேன். கியருக்கு 4 மி.மீ. அவுட்டர்தான் போட வேண்டும், 5 மி.மீ. பிரேக் அவுட்டர் உள்ளே சுருள் கம்பியால் ஆனது, வளையும்போதும் அழுந்தும்போதும் நீளம் மாறும், கிளிக் கணக்கு நிற்காது. கிடைத்ததைப் போட்டு அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருப்பதால், வண்டி வாங்கியவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கேபிள் கட்டரால் நேராக வெட்டி, நசுங்கிய உள்குழாயை ஊசியால் திறந்து, இரு நுனியிலும் தொப்பி போட வேண்டும். கடைசித் துண்டின் நீளம் சீரான ஒரு வளைவு கிடைக்கும் அளவு. குறைந்தால் நுழைவில் ஒடியும்; கூடினால் உராய்வு ஏறும்.

செட்டிங்

ஹேங்கர் நிமிர்ந்ததும் முன்பு திருகிய ஸ்க்ரூக்கள் இரண்டும் தவறான இடத்தில் இருந்தன. முதல் கடையில் எல்லை தாண்டாமலிருக்க எல் ஸ்க்ரூவை உள்ளே இறுக்கியிருந்தார்கள். இப்போது டீரெய்லர் பெரிய பல்லையே எட்டாது. சின்னப் பல் இறங்கட்டும் என்று எச்-ஐத் தளர்த்தியிருந்தார்கள். இப்போது செயின் 11 பல்லைத் தாண்டி ஃபிரேமுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விழும். ஹேங்கரை மட்டும் நிமிர்த்திவிட்டு வண்டியைக் கொடுத்திருந்தால் ஒரு ஆபத்துக்குப் பதில் இன்னொன்று.

டீரெய்லரை ஹேங்கரில் பூட்டும் முன் புரியைத் துடைத்துக் கிரீஸ் தடவினேன். முதல் சில சுற்றுகளை ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்துத்தான் திருக வேண்டும். புரி மாறி ஏறினால் ஹேங்கர் போயிற்று. இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். புல்லிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புஷ்ஷில் கிரீஸ் வைத்துப் பூட்டினேன்.

வயரை இணைக்காமலே எச்-ஐத் தொடங்கினேன். செயின் முன்னால் பெரியதிலும் பின்னால் சின்னதிலும் இருக்க, பின்னாலிருந்து பார்த்தால் மேல் புல்லி, 11 பல் சக்கரத்தின் வெளிவிளிம்புக்கு நேர் கீழே வர வேண்டும். அதன்பின் பேரல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே விட்டு, வயரைக் கையால் விறைப்பாக இழுத்து, 6, 7 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன். வயர் போல்ட்டின் வாஷரில் உள்ள காடியில்தான் வயர் உட்கார வேண்டும். தவறான பக்கம் போட்டால் நெம்புகோல் தூரம் மாறி, எத்தனை திருப்பினாலும் எட்டு கியரும் ஒருசேர வராது.

எல்-க்குச் செயினை முன்னால் சின்னதிலும் பின்னால் 32-இலும் போட்டு, மேல் புல்லியைப் பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிறுத்தினேன். லீவரைப் பலமாக அழுத்தியும், டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளியும் பார்த்தேன். செயின் தாண்டவில்லை; கூண்டு ஸ்போக்கைத் தொடவில்லை. இந்தக் கைச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பி ஸ்க்ரூ, மேல் புல்லிக்கும் பெரிய பல்லுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போதும் இரண்டும் உரசாமல், அதே சமயம் முடிந்தவரை நெருங்கியிருக்க வேண்டும். இங்கே ஐந்தாறு மி.மீ. இடைவெளியில் நிறுத்தினேன். அதிகம் விலகினால் செயின் சோம்பலாக மாறும்.

கிளிக் வரிசையைப் பொருத்த ஷிமானோ சொல்லும் முறை எளிது. அது ஏனோ பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. செயினை இரண்டாவது சின்னப் பல்லில் நிறுத்தி, பெடலைச் சுற்றிக்கொண்டே லீவரை அடுத்த கிளிக் விழாத அளவுக்கு, அதன் தளர்வு தீரும் வரை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். அப்போது செயின் மூன்றாவது பல்லை லேசாக உரசிச் சத்தம் எழுப்ப வேண்டும். லீவரை விட்டால் சத்தம் நிற்க வேண்டும். உரசவே இல்லை என்றால் பேரலை வெளியே திருப்பி வயரை விறைப்பாக்க வேண்டும். லீவரை விட்ட பிறகும் சத்தம் இருந்தால் உள்ளே. கால் சுற்றாகத் திருப்பினால் போதும். இந்த வண்டியில் அரைச் சுற்றுக்குள் எட்டு கியரும் வரிசைக்கு வந்தன.

மலையில்

காரவள்ளியில் தொடங்கி, முதல் வளைவுகளில் நான்கு, ஐந்தில் எழுந்து நின்று மிதிக்கச் சொன்னேன். குதிக்கவில்லை. ஒன்றுக்குப் போட முதலில் தயங்கினார், போட்டார், நின்றது. வளைவு முடிந்து இரண்டு கிளிக் விட்டதும் இரண்டு பல்லும் உடனே இறங்கின. முன்னால் பெரியதையும் பின்னால் பெரியதையும் சேர்த்துப் போட்டபோது மட்டும் உரசல் சத்தம் கேட்டது. அந்தச் சேர்க்கையில் செயின் கோணலாகத்தான் ஓடும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு எதையும் திருப்பத் தேவையில்லை, அந்தச் சேர்க்கையைத் தவிர்த்தாலே போதும்.

சில வாரம் ஓடிய பின் வண்டி மறுபடி வந்தது, சின்னப் பல்லிலிருந்து அடுத்ததற்கு ஏறச் சற்றுத் தயங்குகிறது என்று. புது அவுட்டரின் நுனிகள் தொப்பிக்குள் அழுந்தி உட்கார்ந்ததால் வயர் கொஞ்சம் தளர்ந்திருந்தது. புதிதாக மாற்றிய எந்த வண்டியிலும் இது வரும். பேரலைக் கால் சுற்று வெளியே விட்டதோடு சரி. எச், எல் ஸ்க்ரூக்களைத் தொடவில்லை. இஞ்சின் ஆயிலை நிறைய ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது செயின் லூப்ரிகன்ட்டைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, ஊறியதும் வெளியே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுகிறார். கெட்டியான ஆயில் புழுதியைப் பிடித்து வைத்து அரைப்பசையாக மாற்றும். செயினும் புல்லியும் சேர்ந்து தேயும்.

பஸ் டிக்கியில் ஏற்றுவதானால் செயின் பக்கம் மேலே இருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் ஆலன் கீயால் டீரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றி, துணி சுற்றி, பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயோடு கட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை. குறைந்தபட்சம் பெரிய பல்லுக்கு மாற்றி வைத்தால் டீரெய்லர் உள்ளே ஒடுங்கி நிற்கும்.

ஒருமுறை வளைந்து நிமிர்ந்த ஹேங்கர் அடுத்த அடியில் எளிதாக ஒடியும் என்பதால், மாற்று ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இங்கேயும் ஒரு கவனம். ஹேங்கர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறுபவை. ஸ்ராம் நிறுவனம் 2019-இல் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே ஹேங்கர் என்று யுடிஎச் அமைப்பைக் கொண்டுவந்தும், பழைய ஃபிரேம்களுக்கும் விலை குறைந்தவற்றுக்கும் அது உதவாது. கழற்றி, ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து இரு புறமும் படம் எடுத்து, போல்ட் துளைகளின் தூரத்தை அளந்து, அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அவர் வாங்கி வந்த புது ஹேங்கரைப் பூட்டி அளந்து பார்த்தேன். ரிம்மில் ஏழு மி.மீ. வித்தியாசம். புதிது என்றால் நேராக இருக்கும் என்று நினைக்கக்கூடாது. அதையும் நிமிர்த்தி, வண்டியில் அதையே விட்டுவிட்டு, பழையதை அவசரத்துக்கு என்று அவருடைய பையில் போட்டு அனுப்பினேன்.